பாயின்ட் ஃபிக்ஸிங்கில் நிற்கும் கிளாஸ் ரெயிலிங்: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

மாடிப்படியிலும் பால்கனியிலும் ஃபிரேம் இல்லாத கிளாஸ் ரெயிலிங் போட்டு ஆறு வருடம் ஆகிறது. கண்ணாடியைச் செருகி நிறுத்தும் உலோகச் சேனல் கீழே கிடையாது. ஸ்லாபின் பக்கவாட்டில், ஒரு கண்ணாடிக்கு மேலே இரண்டு கீழே இரண்டு என்று நான்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாயின்ட் ஃபிக்ஸிங் (கண்ணாடியில் போட்ட துளை வழியாகப் போல்ட் போட்டுப் பிடிக்கும், மூடி வைத்த பிடிப்பு), அவ்வளவுதான். தண்ணீர் தேங்க இடமில்லை, வெளிச்சம் தடைபடுவதில்லை, இன்றைக்கும் பார்க்கப் பிடிக்கிறது.

கேட்பவர்கள் எல்லாரும் கண்ணாடி எத்தனை மில்லி என்றுதான் கேட்கிறார்கள். எங்களுடையது இரண்டு 8 மி.மீ. டஃபன்ட் கண்ணாடியை (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியது) ஒட்டிய லேமினேட்டட், நடுவில் இருக்கும் ஃபிலிமோடு சேர்த்து 17.52 மி.மீ. அதில் இதுவரை ஒரு குறையும் இல்லை. தொல்லை வந்ததெல்லாம் போல்ட் இருக்கும் இடத்தில்தான்.

இரண்டாவது வருடம், படியோரம் ஒரு கண்ணாடியில் கை ஊன்றினால் 'டிக்' என்று சின்னச் சத்தம். மூடியைக் கழற்றிப் பார்த்தால், மேல் வரிசையில் ஒரு துளைக்குள் நைலான் புஷ் (போல்ட் கண்ணாடியில் படாமல் தடுக்கும் குழாய் போன்ற உறை) போடவே இல்லை. போல்ட்டின் மரை துளை விளிம்பில் உரசி உரசி, அங்கே மாவு போல வெள்ளைத் தூள் படிந்திருந்தது. கை நடுங்கிவிட்டது எனக்கு. டஃபன்ட் கண்ணாடியில் விளிம்பும் துளையும்தான் அடி தாங்காத இடங்கள், உலோகம் அதில் நேராகப் படவே கூடாது. ஸ்லாபில் போட்ட துளை சில மில்லி விலகியிருக்கிறது, டஃபன் செய்த கண்ணாடியில் துளையைப் பெரிதாக்க முடியாது, உடைந்துவிடும், அதனால் மாட்டியவர் புஷ்ஷை விட்டுவிட்டு போல்ட்டை நெருக்கி உள்ளே தள்ளியிருக்கிறார். அந்தக் கண்ணாடியைப் புதிதாகவே போட்டோம், இந்த முறை பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தி மாட்டக்கூடிய ஃபிக்ஸிங். முதலிலேயே அதை வாங்கியிருக்க வேண்டும்.

அப்புறம் ஆங்கர், அதாவது ஃபிக்ஸிங்கை ஸ்லாபில் பிடித்து நிறுத்தும் போல்ட். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 20 செ.மீ. இடைவெளி, மேல் போல்ட்டிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் ஒருவர் சாய்கிறார் என்று வையுங்கள், கீழ் போல்ட்டை ஊன்றுபுள்ளியாக வைத்து (1.2 மீட்டரை 20 செ.மீ.யால் வகுத்தால்) அவர் தள்ளும் விசையைப் போல ஆறு மடங்கு மேல் வரிசையைப் பிடுங்கி இழுக்கும். ஆங்கர் பூச்சிலோ டைல்ஸிலோ நின்றால் இது தாங்காது, கான்கிரீட்டுக்குள் ஆழமாகப் போக வேண்டும். பூச்சு பூசி மூடுவதற்கு முன்னால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஸ்டீல் விஷயத்தில் படிக்கு 304 ரகம், பால்கனிக்குத் துருவை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ரகம். படியில் டைல்ஸ் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவியபோது தெறித்த மூடிகளில் பழுப்புப் புள்ளி வந்தது, தேய்த்தும் முழுசாகப் போகவில்லை. சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

வருடத்துக்கு ஒருமுறை எல்லா மூடியையும் திறந்து, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கமாக முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்கிப் பார்க்கிறேன். அதிகமாக முறுக்கினாலும் ஆபத்துதான். இந்த முறை வெயில் படும் பக்கத்தில் இரண்டு ரப்பர் வாஷர் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகிப்போயிருக்கின்றன. அடுத்த மாதம் அந்தப் பக்கம் முழுக்க மாற்றப் போகிறோம், கண்ணாடியைத் தாங்கிப் பிடிக்க ஆள் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு கண்ணாடி மட்டும்.