கார்பன் பிரஷா, புது மோட்டாரா?

துணி அதிகமானால் டிரம் நின்றுவிடும். கையால் ஒரு தள்ளு தள்ளினால் இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி நிற்கும். எங்கள் ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷின் ஒரு மாதம் இப்படி அடம்பிடித்தது. பார்க்க வந்த மெக்கானிக் பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை. "மோட்டார் போய்விட்டது, மாற்றிவிடலாம்" என்றார். நான் பிரஷ் மட்டும், அதாவது மோட்டாரின் சுழலும் பகுதியை உரசியபடி அதற்கு மின்சாரம் கடத்தும் கார்பன் கட்டைகளை மட்டும், மாற்றினேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

பிரஷ் மலிவு என்பது சொல்லாமலே தெரியும். புது மோட்டார் என்றால் அதன் பேரிங்கும் புதிது, அதுவும் சரிதான். ஆனால் எதை மாற்றுவது என்று முடிவு சொல்வது கம்யூட்டேட்டரின் நிலைதான். மோட்டார் தண்டில், பிரஷ்கள் உரசும் செம்புப் பட்டைகளாலான வளையம் அது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டைக் கழற்றுங்கள். வெறும் டிரம்மைக் கையால் சுற்றும்போதும் கரகரத்தால் கோளாறு டிரம் பேரிங்கில். மோட்டார்மீது பழி போட வேண்டாம். அடுத்து மோட்டாரை வெளியே எடுத்து, பிரஷ்கள் இரண்டையும் உருவுங்கள். சாய்வான முனை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்துக்கொள்வது நல்லது. எங்கள் மோட்டாரில் ஒன்று நகத்தளவுக்குத் தேய்ந்து, ஸ்பிரிங் தள்ளியும் செம்பைத் தொட எட்டாமல் கிடந்தது.

இப்போது டார்ச் அடித்து அந்தச் செம்புப் பட்டைகளைப் பாருங்கள். பழுப்பேறி வழவழவென்று இருந்தால் பிரஷ் போதும். ஒரு பட்டை மட்டும் மேலெழுந்து நின்றாலோ, ஓரம் கருகிக் குழிவிழுந்திருந்தாலோ, புது பிரஷும் அந்த இடத்தில் இடறி இடறிப் பொறி பறக்கவிட்டுச் சீக்கிரமே தேய்ந்துவிடும். அங்கே பிரஷுக்குச் செலவழிப்பது வீண்.

கண்ணுக்குத் தெரியாததை மல்டிமீட்டர் சொல்லும். புது பிரஷ்களைப் பொருத்தி, அவற்றின் இரு முனைகளிலும் மின்தடை அளக்கும்படி மீட்டரை வைத்து மோட்டார் தண்டை மெல்லச் சுற்றுங்கள். சில ஓம்களில் ஏறத்தாழ நிலையாக நின்றால், சுழலும் பகுதியின் கம்பிச் சுருள் நலம். ஓரிடத்தில் மட்டும் எகிறிக் குதித்தால் அங்கே சுருள் அறுந்திருக்கலாம். பிரஷ் முனைக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் இடையே தொடர்பு காட்டினால் பேச்சே இல்லை, மோட்டாரைத்தான் மாற்ற வேண்டும்.

மெஷின் தொடங்கியதும் டிரம் தறிகெட்ட வேகத்தில் சுற்றி நின்றால் கதை வேறு. வேகத்தை அளக்கும் டாக்கோ காயில் அல்லது கன்ட்ரோல் போர்டைச் சந்தேகியுங்கள். பிரஷ் மாற்றி அது தீராது.

புது பிரஷ் போட்டதும் முதல் சில சலவைகளில் பொறி தெரிந்தது, பயந்துபோனேன். செம்பின் வளைவுக்கு முனை தேய்ந்து பொருந்தும்வரை அப்படித்தான் இருக்குமாம். குறைவான துணியோடு ஓட்டினேன், அடங்கிவிட்டது. இரண்டு ஆண்டுகளாகத் தொந்தரவு இல்லை. ஆனாலும் இது ஒரே ஒரு மெஷினில் பெற்ற அனுபவம். பிரஷே இல்லாத இன்வெர்ட்டர் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.