வீட்டுக்கு வந்து எடுக்கும் தைராய்டு டெஸ்ட்: ஊசிக்கு முழு மார்க், ரிப்போர்ட்டுக்குப் பாதிதான்

அம்மாவுக்குத் தைராய்டு டெஸ்ட் எடுக்க, வீட்டுக்கே ஆள் அனுப்பும் லேப் ஒன்றில் சொல்லியிருந்தோம். பெயர் எதற்கு, விட்டுவிடுகிறேன்.

ரத்தம் எடுக்க வந்த பெண் கெட்டிக்காரர். அம்மா கையில் நரம்பு கிடைப்பது குதிரைக்கொம்பு, அவர் ஒரே குத்தில் எடுத்துவிட்டு, டியூபில் ஒட்டிய பெயரையும் வயதையும் அம்மாவிடமே காட்டிச் சரிபார்த்தார். அதற்கு முன்னாலேயே "தைராய்டு மாத்திரை போட்டாச்சாம்மா?" என்று கேட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் மாத்திரை போட்ட சில மணி நேரம் டி4 என்கிற தைராய்டு ஹார்மோன் கொஞ்சம் ஏறித் தெரியும், ரத்தம் கொடுத்துவிட்டுப் போடுவதுதான் நல்லது. முடி கொட்டுவதற்குப் பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டிருக்கலாம். அது சில கருவிகளில், தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோனான டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும், குறைந்தது 2 நாளாவது முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள்.

போனில் பேசியவர்தான் படுத்திவிட்டார். டாக்டர் சீட்டில் டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4 இரண்டுதான், இவர் டோட்டல் டி3, டோட்டல் டி4 எல்லாம் சேர்ந்த பேக்கேஜை விடாமல் தள்ளினார். டோட்டல் என்பது ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்த கணக்கு, கர்ப்பக் காலத்தில் தானாகவே ஏறும். உடம்புக்கு உதவுவது ஒட்டாமல் இருக்கிற அந்தக் கொஞ்சம்தான், அதைத்தான் ஃப்ரீ டி4 சொல்கிறது.

சாயங்காலமே ரிப்போர்ட் வந்துவிட்டது, வேகத்தில் குறையில்லை. டிஎஸ்ஹெச் 6.8, சிவப்பில், தடித்த எழுத்தில். கீழேயே 'உடனே நிபுணரை அணுகவும்', அதற்குப் பக்கத்தில் அவர்களுடைய ஆன்லைன் டாக்டருக்குப் பணம் கட்டும் பட்டன். அம்மாவுக்குத் தூக்கம் போச்சு. ஃப்ரீ டி4 1.1, அவர்கள் போட்டிருந்த எல்லைக்குள் நடுவாக இருந்தது, ஆனால் நன்றாக இருக்கிற எண்ணை யார் பார்க்கிறார்கள்? டிஎஸ்ஹெச் தைராய்டில் சுரப்பதில்லை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்புவது. வேலை மந்தமானால் மேஸ்திரி குரல் உயர்வது மாதிரி, தைராய்டு ஹார்மோன் குறையக் குறைய இது ஏறும். அம்மாவுக்கு மேஸ்திரி குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது, வேலை நின்றுவிடவில்லை. இந்த இரண்டு வரியை ரிப்போர்ட்டில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை போட்டதும் காபி குடிக்கிறீங்களா?" அம்மா என்னைப் பார்த்தார். மாத்திரையை விழுங்கி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஃபில்டர் காபி வந்துவிடும் எங்கள் வீட்டில். காபி மருந்தை முழுசாக உடம்பில் சேரவிடாதாம், அதனால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி, கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேரம். டோஸைக் கூட்டவில்லை, 6 வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்.

அதற்கும் இதே லேப்பில்தான் சொல்லப்போகிறேன், லேப்புக்கு லேப் கருவி மாறும், எண்ணை ஒப்பிட ஒரே இடம் வசதி. 5-க்கு 3 கொடுக்கலாம், அதில் இரண்டு அந்தப் பெண்ணுக்கு.