தாழ்த்திய காரை வீட்டில் தூக்குவது: ஜாக்கியா, பலகையா, சாய்தளமா?

சாதாரண 2 டன் டிராலி ஜாக்கியை (சக்கரங்களில் உருளும் ஹைட்ராலிக் ஜாக்கி) முழுவதும் இறக்கி வைத்தாலும் அதன் தலை, அதாவது வண்டியைத் தொட்டுத் தூக்கும் பகுதி, தரையிலிருந்து 130 முதல் 140 மி.மீ. உயரத்தில் நிற்கும். நான்காம் தலைமுறை ஹோண்டா சிட்டியின் தரை இடைவெளி 165 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டு அதை 40 மி.மீ. இறக்கினால் மிஞ்சுவது 125. முன்பம்பருக்கு அடியில் லிப் எனப்படும் அலங்கார விளிம்பு ஒன்றும் ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் 110 இருந்தாலே பெரிது. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடையின் உயரம் 100 மி.மீ.; நம் தெருக்களில் போடப்படுபவை அந்த விதியைப் படித்ததாகத் தெரியவில்லை, அது வேறு வழக்கு. இங்கே பிரச்சினை, ஜாக்கி வண்டிக்கு அடியில் நுழையவே நுழையாது என்பது.

உடனே எல்லோரும் கேட்பது, எந்த ஜாக்கி வாங்கலாம் என்பதைத்தான். அதற்கு முன் வேலையை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது: ஜாக்கி நுழைய இடம் உண்டாக்குவது, தூக்குவது, தூக்கியதைத் தாங்கி நிறுத்துவது. சந்தையில் கிடைக்கும் சாதனங்களில் பெரும்பாலானவை இவற்றில் ஒன்றை நன்றாகவும் மற்ற இரண்டை அரைகுறையாகவும் செய்கின்றன. கீழே வரும் கணக்கெல்லாம் மேலே சொன்ன சிட்டிக்கு. சக்கர இடைவெளி 2,600 மி.மீ., டயரின் விட்டம் ஏறத்தாழ 600, லிப் முன் அச்சிலிருந்து 850 மி.மீ. முன்னால் இருப்பதாக வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வண்டியை டேப் வைத்து அளந்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

தாழ்வான டிராலி ஜாக்கி

இறக்கிய நிலையில் 75 முதல் 90 மி.மீ. வரை இருக்கும் ஜாக்கிகள் இதற்கென்றே வருகின்றன. 110 மி.மீ. லிப்புக்கு அடியில் தலை போய்விடும். ஆனால் தலை போனால் போதாது. சிட்டி போன்ற வண்டியில் முன்பக்கத்தை நடுவிலிருந்து தூக்க வேண்டும் என்றால், கையேடு காட்டும் இடம் பம்பரிலிருந்து நன்றாக உள்ளே இருக்கும். தூக்கும் கை நீளமில்லாத ஜாக்கியை அங்கே தள்ளினால் அதன் கைப்பிடி பம்பரில் இடிக்கும். இரண்டு அங்குலம் அசைத்து அசைத்துப் பம்ப் செய்ய வேண்டியிருக்கும். வாங்கும்போது குறைந்தபட்ச உயரத்தை மட்டும் பார்ப்பவர்கள் கையின் நீளத்தைப் பார்க்க மறக்கிறார்கள்.

தரை இன்னொரு சிக்கல். டிராலி ஜாக்கியின் தலை நேராக மேலே போவதில்லை, வட்ட வில்லில் நகர்கிறது. அதனால் தூக்கும்போது ஜாக்கி தன் சக்கரங்களில் கொஞ்சம் உருள வேண்டும். வழவழப்பான சிமெண்ட் தரையில் அது தானாக நடக்கும். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பார்க்கிங்கில் பதித்திருக்கும் பேவர் கற்களின் இடுக்கில் அந்தச் சின்ன இரும்புச் சக்கரம் மாட்டிக்கொண்டால், ஜாக்கிக்குப் பதிலாகத் தலை நகரும், அதாவது தூக்கும் இடத்திலிருந்து வழுகும். அடியில் 18 மி.மீ. பிளைவுட் போட்டால் உருளும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய தாழ்வில் 18 மி.மீ. அங்கேயே போய்விடும்.

பக்கவாட்டில் தூக்குபவர்கள், கதவுக்கு அடியில் வெல்டிங் செய்த மெல்லிய தகட்டு விளிம்பை இரும்புத் தலையில் நேரடியாக உட்கார வைக்கக் கூடாது. மடங்கிவிடும். நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை விற்கிறார்கள், அதைத் தலைமேல் வைத்துத் தூக்குங்கள்.

பலகைப் படி

நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். மரக்கடையில் 40 மி.மீ. தடிமனும் 250 மி.மீ. அகலமும் உள்ள கெட்டியான பலகை வாங்கி, ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் மூன்று அடுக்குப் படி செய்வது. சக்கரம் ஒவ்வொன்றாக ஏறி 120 மி.மீ. உயரத்தில் நிற்கும். முன் அச்சு அவ்வளவு உயர்ந்தால், அதற்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் லிப் ஏறத்தாழ 160 மி.மீ. உயர்ந்து, தரையிலிருந்து 270 வரை போய்விடும். அப்புறம் பழைய டிராலி ஜாக்கியே தாராளமாக உள்ளே போகும். தாழ்வான ஜாக்கி வாங்க வேண்டிய தேவையே பலருக்கு இல்லாமல் போகிறது.

இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் கெடுத்துக்கொள்வது நீளத்தில். ஒரு முழத்துக்குப் பலகை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், டயர் முதல் படியைத் தொடும் முன்பே லிப் மூன்றாம் படியில் மோதும். டயர் முதல் பலகைமேல் ஏறி நின்ற பிறகே மூன்றாம் பலகை லிப்புக்கு அடியில் வர வேண்டும். அதற்கு அடிப்பலகை 1.3 மீட்டர், நடுவில் 0.9, மேலே 0.4 இருந்தால் கணக்குச் சரியாக வருகிறது. பின்முனைகளை ஒரே கோட்டில் வைத்து, திருகாணி போட்டு இணைத்து, அந்த முனையில் டயர் தாண்டாமலிருக்க குறுக்கே ஒரு ரீப்பர் அடித்துவிடுங்கள். ஒருவர் வெளியே நின்று வழிகாட்ட வேண்டும்.

ஆயில் மாற்ற மட்டும் என்றால், சிலருக்கு இந்த 120 மி.மீ. உயரமே போதும், வண்டி தன் சக்கரங்களிலேயே நிற்கிறது, அதைவிட உறுதியான நிலை வீட்டில் கிடைக்காது. இன்னும் உயரம் வேண்டுமென்றால் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் (தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்) வைத்து, பலகையை எடுத்துவிடலாம். இறக்கும்போது பலகையைத் திரும்பச் சக்கரத்துக்கு அடியில் வைக்க மறந்தால், ஜாக்கி வண்டிக்கு அடியில் சிறைப்படும். வெளியே எடுக்க வழியிருக்காது.

சாய்தளம்

கடையில் கிடைக்கும் இரும்பு அல்லது பிளாஸ்டிக் சாய்தளங்கள் 16, 17 பாகைச் சரிவில் இருக்கும். நம் சிட்டியில் டயரின் விளிம்பிலிருந்து லிப்பின் அடிக்கு ஒரு கோடு இழுத்தால், அது தரையோடு செய்யும் கோணம் சுமார் 7.5 பாகை. அதைவிடச் செங்குத்தான சரிவில் டயர் ஏறும் முன்பே லிப் இடிக்கும், இதற்குமேல் வாதம் தேவையில்லை. அந்தச் சரிவுக்குள் 230 மி.மீ. உயர வேண்டுமென்றால் சாய்தளம் 1.75 மீட்டர் நீளம் வேண்டும். தாழ்வான வண்டிகளுக்கென்றே அடர்த்தியான நுரைப்பொருளில் நீண்ட சாய்தளங்கள் செய்கிறார்கள். எடை குறைவு, தரையில் வழுக்குவதும் குறைவு. ஆனால் சக்கரத்தைக் கழற்றும் எந்த வேலைக்கும், பிரேக் பேட் மாற்றுவது உட்பட, சாய்தளம் தனியாக உதவாது. வண்டி நிற்பதே அந்தச் சக்கரத்தின்மேல்தானே.

குவிக்ஜாக்

இரண்டு நீளச் சட்டங்களை வண்டியின் இருபுறமும் அடியில் தள்ளி, மோட்டார் அழுத்தும் ஆயிலால் நான்கு மூலையையும் ஒன்றாகத் தூக்கும் அமைப்பு. மடங்கிய நிலையில் சுமார் 75 மி.மீ. தான், ஆகவே தாழ்த்திய வண்டிக்குப் பொருந்தும். மேலே போனதும் இரும்புப் பூட்டு விழுந்து எடையைத் தாங்குகிறது. ஆயில் கசிந்தாலும் வண்டி விழாது. வசதியில் இதற்கு ஈடில்லை. அமெரிக்காவிலேயே 1,000 டாலருக்கு மேல், இறக்குமதிச் செலவு தனி. ஒவ்வொரு சட்டமும் 30 கிலோவுக்கு மேல் எடை. தூக்கும்போது வண்டி நீளவாக்கில் சற்று நகரும் என்பதால் முன்னும் பின்னும் இடம் வேண்டும். சொந்தமாக மூடிய கொட்டகையும் சமதளச் சிமெண்ட் தரையும் இருப்பவர் வாங்கலாம். பொதுப் பார்க்கிங்கில் வைத்து வேலை செய்பவருக்கு இது தலைவலி.

டிக்கியில் இருக்கும் கத்தரி ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும். பஞ்சர் ஆனதும் தாழ்த்திய வண்டி இன்னும் கீழே உட்கார்ந்துவிடும், அப்போது அதுவும் நுழையாது. ஒரு துண்டுப் பலகையை டிக்கியில் வைத்திருந்தால், காற்றிறங்கிய டயரை அதன்மேல் ஏற்றிவிட்டு ஜாக்கி வைக்கலாம். பாட்டில் ஜாக்கி நின்ற நிலையிலேயே உயரம் அதிகம், இந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை. ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை) உள்ளவர்கள் முதலில் அதை முழு உயரத்துக்கு ஏற்றி ஜாக்கியை நுழைக்கலாம், ஆனால் காற்று தாங்கும் வண்டிக்கு அடியில் கையைக்கூட விடக் கூடாது.

எது தாங்கும்?

ஹைட்ராலிக் ஜாக்கியில் 1,100 கிலோ வண்டியின் பாதியைத் தாங்கிக்கொண்டிருப்பது ஒரு சீலும் ஒரு சிறு வால்வும். எந்த விலை ஜாக்கியாக இருந்தாலும் அது தூக்கும் கருவி மட்டுமே. அடியில் போவதற்கு முன் எடை ஸ்டாண்டுக்கு மாறியிருக்க வேண்டும்.

ஸ்டாண்டுகளில் பல் பூட்டு உள்ளது ஒரு வகை, துளையில் கம்பி செருகுவது இன்னொரு வகை. 2020இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் நிறுவனம் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைப் பத்து லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்றது. பற்கள் சரியாகப் பிடிக்காமல் நழுவக்கூடும் என்பது காரணம். அதற்காகப் பல் வகை எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கம்பி வகையில் பூட்டு விழுந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது, எனக்கு அது போதும். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் கூடவே கூடாது. பரவலான எடையைச் சுமக்கும் கல், ஒரே புள்ளியில் அழுத்தினால் முன்னறிவிப்பின்றி உடையும். கெட்டி மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியது நம்பத் தகுந்தது. கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து வண்டிக்கு அடியில் தள்ளிவிடுவது செலவில்லாத கூடுதல் காப்பு.

ஸ்டாண்ட் வைக்கும் இடத்தையே ஜாக்கி பிடித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது? அதனால்தான் முன்பக்கத்தை நடுவில் தூக்கி, ஸ்டாண்டுகளைப் பக்கவாட்டுப் புள்ளிகளில் வைக்கச் சொல்கிறேன். பின்பக்கத்தில் இரு சக்கரங்களையும் இணைக்கும் உத்திரத்தின் நடுவில் ஜாக்கி வைக்காதீர்கள், வளையும்.

முன்பக்கத்தை மட்டும் 350 மி.மீ. தூக்கினால் பின்முனை சுமார் 13 செ.மீ. கீழே போகும். பின்பம்பரில் ஸ்கர்ட் (கீழே தொங்கும் அலங்காரத் தகடு) ஒட்டியவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். கை பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. பின்பக்கத்தைத் தூக்கிய கணம் அது பயனற்றுப் போகிறது. அப்போது வண்டியை நிறுத்துவது கியரும் முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைத்த கட்டையும்தான்.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியவர்களுக்கு ஒரு வேலை கூடுதல். வண்டியின் உடல் மேலே போகச் சக்கரம் தொங்கும். நீளம் குறைந்த ஸ்பிரிங் தளர்ந்து தன் இருக்கையிலிருந்து, அதாவது அதன் முனை பொருந்தி உட்காரும் இடத்திலிருந்து, விலகி நிற்கும். அப்படியே இறக்கினால் கோணலாக உட்கார்ந்து, முதல் பள்ளத்தில் டயரிலோ பிரேக் குழாயிலோ உரசும். இறக்கத் தொடங்கும் முன் டார்ச் அடித்து நான்கு ஸ்பிரிங்கின் முனையையும் பாருங்கள். விலகியிருந்தால் கையால் திருப்பி இருக்கையில் பொருத்திவிட்டு, ஜாக்கியின் வால்வை மெதுவாகத் திறங்கள்.