டியூப் டெஸ்ட் எடுக்காமலே 3 ஐ.யூ.ஐ: சேலத்தில் நாங்கள் ஏமாந்தது

அந்தக் குழந்தையின்மை சிகிச்சை மையத்தின் பெயரை இங்கே போடவில்லை. சேலம் டவுனுக்குள் இருக்கிறது. 8 மாதம் அலைந்து, 3 முறை ஐ.யூ.ஐ என்னும் செயற்கைக் கருவூட்டல் செய்து, 80,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த பிறகுதான் எனக்கு இரண்டு கருக்குழாயும் அடைப்பு என்று தெரிந்தது. அந்த மூன்றுமே பலித்திருக்க வழியில்லை.

முதல் நாளே எனக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அவருக்கு விந்துப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். "எல்லாம் நார்மல்மா, ஐ.யூ.ஐ-லயே நின்னுடும்" என்றார் டாக்டரம்மா. சாதாரண ஸ்கேனில் குழாய் அடைப்பு பெரும்பாலும் தெரியாது என்பது எனக்கு எங்கே தெரியும்? ஐ.யூ.ஐ-யில் கழுவித் தேர்ந்தெடுத்த விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் விடுவார்கள், அவ்வளவுதான். அங்கிருந்து குழாய்க்குள் போய் முட்டையைச் சேருவது அதன் பாடு. ஒரு பக்கமாவது வழி திறந்திருக்க வேண்டாமா?

நாங்கள் இருப்பது ஏற்காட்டுக்கும் மேலே, நாகலூர் பக்கம். ஊசி மருந்து சூடாகக் கூடாது என்பதால் டிபன் பாக்ஸில் ஐஸ்கட்டி போட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் மடியில் பிடித்தபடியே வருவேன். முட்டைப் பை 18 மில்லிமீட்டர் வந்ததும் அது வெடிக்க ஓர் ஊசி, ஒன்றரை நாள் கழித்து ஐ.யூ.ஐ. அப்புறம் பஸ் குலுங்கிக் கலைந்துவிடுமோ என்று பயந்து, அம்மாப்பேட்டையில் நாத்தனார் வீட்டில் 15 நாள் படுத்தே கிடப்பேன். பஸ் குலுக்கலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். நாத்தனார் கைச்சோறு மட்டும் மிச்சம்.

மூன்றாவது முறையும் தீட்டு வந்தபோது டாக்டரம்மா பார்க்கவே இல்லை. கால்குலேட்டரோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கருவை வெளியே உருவாக்கிக் கர்ப்பப்பையில் வைக்கும் ஐ.வி.எஃப் பேக்கேஜ் இரண்டே கால் லட்சமாம், இன்றைக்கே முன்பணம் கட்டினால் ஒன்றே முக்காலாம். ஆடித் தள்ளுபடி தோற்றது போங்கள்! அவர் ஃபைலைக் கேட்டார். "கையில கொடுக்கறதில்ல சார்" என்றாள். மருத்துவப் பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. அதைச் சொல்லிச் சண்டை போட்டுத்தான் ஜெராக்ஸ் வாங்கினோம். அதில் டியூப் டெஸ்ட், அதாவது குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே, என்ற பேச்சே இல்லை.

வேறொரு டாக்டரிடம், தீட்டு வந்த எட்டாம் நாள் அந்த எக்ஸ்ரே எடுத்தோம். சில நிமிடம்தான், மாதவிலக்கு வலி மாதிரி இழுத்துப் பிடிக்கும். திரையில் கர்ப்பப்பை வெள்ளை முக்கோணமாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் குழாயின் நுனி பலூன் போல ஊதி நின்றது. எக்ஸ்ரேயில் தெரிய உள்ளே விட்ட மருந்து ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. குழாயில் நீர் கோத்திருக்கிறதாம். அந்த நீர் கர்ப்பப்பைக்குள் கசிந்தால் ஐ.வி.எஃப் வெற்றி வாய்ப்பும் குறையுமாம். அதனால் முதலில் குழாயை எடுக்க வேண்டும், இல்லையென்றால் அடைக்க வேண்டும். அன்றைக்கே முன்பணம் கட்டியிருந்தால் இந்தக் குழாயோடுதான் ஐ.வி.எஃப்-புக்குப் போயிருப்பேன்.

இன்னொன்று. 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி இந்த மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். நிலை 1 என்றால் ஐ.யூ.ஐ மட்டும் செய்யலாம், ஐ.வி.எஃப்-புக்கு நிலை 2 வேண்டும். அவர் போனில் எடுத்த சுவர்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், எங்களுக்குப் பேக்கேஜ் பேசிய இடத்தில் மாட்டியிருந்தது நிலை 1 சான்றிதழ்!

யாராவது உங்களுக்கு ஐ.யூ.ஐ என்றால், "டியூப் டெஸ்ட் எப்போ?" என்று முதலில் கேளுங்கள். ரிப்போர்ட்டை அன்றன்றே வாங்கி வீட்டில் வையுங்கள்.

எனக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். அதற்குள் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறோம். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஜெராக்ஸையும் மருந்து பில்களையும் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறார் அவர்.