ஹம் தேருக்குக் காரில்: டோவரா, ஹாரிச்சா?

லண்டனில் இருந்து ஜேர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குக் காரில் போகிறவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் டோவர் துறைமுகப் பக்கம்தான் திருப்புவார்கள். நாங்களும் அப்படித்தான் போய்வந்தோம். இப்போது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஹாரிச் துறைமுகத்துக்கு மாறிவிட்டோம். சொந்தக்காரர்கள் ஏன் ஏன் என்று கேட்கிறார்கள், அதற்குத்தான் இது.

டோவரில் இருந்து பிரான்சின் கலே போகும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்றரை மணி நேரக் கடல், இரவு பகலாகக் கப்பல், மூன்று கம்பனிகள் ஓட்டுவதால் விலையிலும் போட்டி. டன்கேர்க் போகும் கப்பல் இரண்டு மணி நேரம் எடுக்கும். ஆனால் இறக்கிவிடும் இடம் பெல்ஜியத்துக்குக் கிட்ட என்பதால் ஜேர்மனி போகிறவர்களுக்குக் கலேயைவிட அதுவே மேல்.

ஹாரிச்சில் இருந்து நெதர்லாந்தின் ஹூக் வான் ஹொலண்ட் துறைமுகத்துக்கு நாளுக்கு இரண்டே கப்பல்தான், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. 240 மீட்டர் நீளம், மிதக்கும் ஹோட்டல் மாதிரி. இரவுக் கப்பலில் கேபின் கட்டாயம் எடுக்க வேண்டும், அதனால் டிக்கெட் விலை கூடத்தான்.

அந்தக் கூடுதல் காசு எதற்கு என்றால், ஓட்டுகிறவரின் நித்திரைக்கு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, சாமான் ஏற்றி, டோவர் போய்ச் சேர நள்ளிரவு ஆகிவிடும். ஒன்றரை மணி நேரக் கப்பலில் யாரும் ஒழுங்காகத் தூங்க முடியாது. கண் அயரும்போதே காருக்குப் போகச் சொல்லி அறிவிப்பு வந்துவிடும். அப்புறம் விடியற்காலை இருட்டில், ரோட்டின் வலது பக்கத்தில், 450 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். பின்சீட்டில் எல்லோரும் குறட்டை. நடுவில் அன்ட்வெர்ப் சுற்றுச்சாலை நெரிசல் வேறு. கடலில் மிச்சம் பிடித்த நேரத்தை பெல்ஜியத்து ரோட்டில் திருப்பிக் கொடுக்கிறோம், அதுவும் தூக்கக் கலக்கத்தோடு.

இரவுக் கப்பல் 11 மணிக்கு வெளிக்கிடும். சாப்பிட்டு, கேபினில் படுத்து எழும்பினால் காலை 8 மணிக்கு ஹூக். கலேயில் இருந்து போவதைவிட அங்கிருந்து ஹம்முக்குக் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் குறைவு, மூன்று மணி நேரம் போதும். திரும்பும்போதும் இரவு 10 மணிக்கு ஏறினால் காலை 6.30க்கு ஹாரிச். திங்கட்கிழமை வேலைக்கே போகலாம். டோவர் டிக்கெட்டோடு கூடுதல் பெட்ரோலையும் வழியில் ஒரு ஹோட்டல் அறையையும் சேர்த்துப் பாருங்கள், விலை வித்தியாசம் அவ்வளவு பயமுறுத்தாது.

பாஸ்போர்ட் வரிசையும் உண்டு. டோவரில் பிரெஞ்சுப் பொலிஸ் இங்கிலாந்துக் கரையிலேயே சோதிக்கிறது. 2022 ஜூலையில் அங்கே கார்கள் மணிக்கணக்கில் நின்றது நினைவிருக்கும். ஹாரிச் வழியில் ஷெங்கன் சோதனை, அதாவது ஐரோப்பாவுக்குள் நுழையும் பாஸ்போர்ட் சோதனை, ஹூக்கில் இறங்கிய பிறகுதான். ஆக, வரிசை நீண்டாலும் தூங்கி எழும்பிய பிறகு நிற்கிறோம்.

ஒன்று கவனம்: எந்த வழியாகப் போனாலும் மட்டன் ரோல்ஸும் பால் சாமான்களும் கொண்டுபோகக் கூடாது. பிரெக்சிட்டுக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் அது. 2021 ஜனவரியில் இதே ஹூக்கில்தான் லொறிச் சாரதிகளின் சாண்ட்விச்சைப் பறித்தார்கள். புளிச்சாதம் கட்டுங்கள்.

சரி, டோவர் யாருக்கு? டூட்டிங், குரோய்டன் என்று தென் லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு ஹாரிச் போவதென்றால் டார்ட்ஃபோர்டில் தேம்ஸ் ஆற்றைக் கடந்து சுற்ற வேண்டும். மாறி மாறி ஓட்ட இரண்டு பேர் இருந்தால் நித்திரைக் கணக்கும் மாறிவிடும். பாரிஸ் போகிறவர்களுக்கு ஹாரிச் தேவையே இல்லை. டோவரில் ஒரு கப்பல் தவறினால் அடுத்தது வரும். ஹாரிச்சில் இரவுக் கப்பலைத் தவறவிட்டால் மறுநாள் காலைதான். இன்னொன்று, நாங்கள் ஹாரிச் வழியாகப் போனதெல்லாம் கோடையில். மார்கழிக் காற்றில் வடகடலில் எட்டு மணி நேரம் வயிற்றுக்குச் சரிவருமா என்று என்னை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

லீட்ஸ், மான்செஸ்டர் ஆட்களுக்கு இந்த இரண்டுமே வேண்டாம். ஹல்லில் இருந்து ரொட்டர்டாமுக்கு இரவுக் கப்பல் இருக்கிறது. ஹாரிச் வரை இறங்கி வருகிற நேரத்துக்குள் அதில் ஏறிச் சாப்பிட்டே முடித்துவிடலாம்.