பால்மனோவாவும் பூர்தாங்கேவும்: இரு நட்சத்திரக் கோட்டைகள்

பீரங்கிக்கு முன் உயர்ந்த மதில் நிற்காது என்றான பிறகே, தாழ்ந்த மண்கரையும் அம்புமுனை போல் நீட்டிய கொத்தளங்களும் எழுந்தன. ஒரு கொத்தளத்தின் பக்கவாட்டிலிருந்து சுட்டால், அடுத்ததன் அடியில் எதிரி ஒளிய இடமிராது. ஒட்டோமான் கடற்படையை வென்ற லெபாந்தோ போரின் நினைவு நாளான அக்டோபர் 7 அன்று, 1593இல் வெனிசுக் குடியரசு தொடங்கிய, இன்றைய இத்தாலியிலுள்ள ஒன்பது முனைப் பால்மனோவாவில், இந்தக் கணக்கோடு இலட்சிய நகரக் கனவும் சேர்ந்திருந்தது: நடுவே அறுகோணத் திடல், அதிலிருந்து கதிர்களாக விரியும் தெருக்கள். அத்தனை அழகிருந்தும் குடியேற ஆள் வராததால், 1622இல் கைதிகளுக்கு மன்னிப்பும் மனையும் தந்து அழைக்க வேண்டியதாயிற்று.

அதே 1593இல் கட்டி முடிந்த நெதர்லாந்தின் பூர்தாங்கேவுக்கு ஐந்தே முனைகள். சதுப்பு நிலத்தினூடே சென்ற மணல்மேட்டுப் பாதையை அடைப்பதே அதன் வேலை. வடிவம் சொல்லும் பொருளைத் தேடுபவர் பால்மனோவாவைப் பார்க்கட்டும். வடிவம் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள, அகழி நீருக்கு மேல் புல் மூடிச் சரியும் பூர்தாங்கேயின் மண்கரையையே நான் பரிந்துரைப்பேன்.