ஆர் மென்பொருள்: புள்ளியியல் சொல்லிக்குடுக்குறவளோட ரிவ்யூ

நான் டிகிரில கணக்கு படிச்சிட்டு அப்புறமா புள்ளியியல் பக்கம் வந்தவ. தேற்றம் கேட்டா கடகடன்னு நிரூபிப்பேன், ஆனா நிஜமான டேட்டா ஒன்னைக் கையில குடுத்தா எங்க தொடங்கணும்னே தெரியாது, புக்குக்குப் பின்னாடி இருக்குற டி டேபிள்ல (டி-டெஸ்டுக்கான எண் அட்டவணை) விரல வச்சுத் தேடி கால்குலேட்டர்ல தட்டுறதோட சரி. அப்புறம் லேப்ல காசு குடுத்து வாங்கின ஒரு சாஃப்ட்வேர் வந்துச்சு, லைசென்ஸ் இருக்குற மெஷின்ல மட்டும்தான் ஓடும், மெனுவ க்ளிக் பண்ணா பக்கம் பக்கமா அவுட்புட் கொட்டும், உள்ள என்ன கணக்கு நடந்துச்சுன்னு பாக்க வழியே கிடையாது.

இந்த இடத்துலதான் ஆர் (R), அதாவது புள்ளியியல் கணக்குக்குன்னே இருக்குற இலவச ப்ரோக்ராமிங் மொழி, எனக்குப் பெரிய விஷயம். இது பொறந்ததே வகுப்பறைக்காகத்தான். நியூசிலாந்துல ஆக்லாந்து யுனிவர்சிட்டி வாத்தியாருங்க ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் பாடம் நடத்த உருவாக்கினது, பெல் லேப்ஸ்ல 1976ல ஆரம்பிச்ச எஸ் (S)ங்கிற புள்ளியியல் மொழியோட சாயல்ல. 1995ல ஜிபிஎல் லைசென்ஸ்ல, அதாவது யார் வேணா உள்ள பாக்கலாம், மாத்தலாம்ங்கிற அனுமதியோட, இலவசமா திறந்து விட்டாங்க, 1.0 வெர்ஷன் வந்தது 2000 பிப்ரவரி 29.

வகுப்புல நடந்த ஒன்னு சொல்றேன். 2, 4, 4, 4, 5, 5, 7, 9 இந்த எட்டு எண்ணுக்கும் திட்ட விலக்கம் (எண்கள் சராசரிய விட்டு எவ்ளோ சிதறியிருக்குன்னு காட்டுற அளவு) போடச் சொன்னேன், ஒரு பொண்ணு எந்திரிச்சு "மேடம், கையால போட்டா கரெக்டா 2 வருது, ஆர் 2.138னு காட்டுது, எது தப்பு?"ன்னு கேட்டா. நான் பதில் சொல்லல, திட்ட விலக்கம் போடுற எஸ்டி (sd)ங்கிற ஃபங்ஷன் பேர மட்டும், பிராக்கெட் போடாம, டைப் பண்ணி எண்டர் தட்டச் சொன்னேன். அந்த ஃபங்ஷனோட கோடு (code) அப்படியே ஸ்க்ரீன்ல வந்து நின்னுச்சு, வேரியன்ஸுக்கு வர்க்கமூலம், அவ்வளவுதான். ஹெல்ப் பக்கத்தத் திறந்தா எண்ணிக்கைல ஒன்னு குறைச்சு வகுக்குறோம்னு எழுதியிருக்கு. உடனே அவளே, சராசரி 5லேர்ந்து வர்ற விலகல்களோட வர்க்கக் கூட்டுத்தொகை 32ஐ 8க்கு பதிலா 7ஆல வகுத்து மூலம் எடுத்தா, 2.138. அதுக்கப்புறம் ஏன் ஒன்னு குறைக்கணும்னு மொத்த வகுப்பும் கேட்டுச்சு, அன்னிக்கு நடத்தின மாதிரி அந்தப் பாடத்த நான் அதுக்கு முன்ன நடத்தினதே இல்ல.

குறையும் சொல்லிடணும். எரர் மெசேஜ் புதுசா வர்றவங்கள ரொம்பப் படுத்தும். டேட்டாவுக்கு டிஎஃப் (df)னு பேர் வைக்கிறது எல்லாருக்கும் பழக்கம், அத உருவாக்குற வரிய ஓட்ட மறந்துட்டு அதுல ஒரு நெடுவரிசை (column) கேட்டா "க்ளோஷர்" (ஃபங்ஷனுக்கு ஆர் உள்ள வச்சிருக்குற பேர்) அப்படி இப்படின்னு ஒரு எரர் வரும். விஷயம் என்னன்னா டிஎஃப்ங்கிறது ஆர்லயே ஏற்கனவே இருக்குற ஃபங்ஷன், எஃப் டிஸ்ட்ரிபியூஷனோட அடர்த்தி, உங்க டேட்டா இல்லாததால அது அதப் புடிச்சுக்குது. முதல் வாரம் வந்த பசங்களுக்கு இது எப்படிப் புரியும்? டெக்ஸ்ட் நெடுவரிசை எல்லாம் தானா ஃபேக்டரா (வகை பிரிச்சு வைக்கிற டேட்டாவா) மாறுற தொல்லை இன்னொன்னு, அத 2020ல 4.0 வெர்ஷன்ல நிறுத்துனாங்க, ரொம்ப லேட். டேட்டா முழுக்க ரேம்ல ஏறும்ங்கிறதால பெரிய ஃபைலுக்கு மெஷின் திணறும்.

பேக்கேஜ், அதாவது மத்தவங்க எழுதிக் குடுத்த கூடுதல் ஃபங்ஷன் தொகுப்பு, 20,000க்கு மேல இருக்கு, எல்லாமே ஒரே தரம் கிடையாது, கடைசியா எப்ப அப்டேட் ஆச்சுன்னு பாத்துட்டு எடுங்க. நான் கோடு எழுதக் கத்துக்கிட்டதே இந்த பேக்கேஜ்கள உள்ள போயி படிச்சுத்தான். ஒருதடவ ஒரு ஹெல்ப் பக்கத்துல ஃபார்முலா தப்பா இருந்துச்சு, திருத்தி அனுப்பினேன், அடுத்த வெர்ஷன்ல சரியாகி வந்துச்சு, நன்றி வரில என் பேரும் இருந்துச்சு. ஒரே ஒரு வரி திருத்தம்தான், ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, அவ்ளோ சந்தோஷம். இப்ப சின்னதா என் சொந்த பேக்கேஜ் ஒன்னு வச்சிருக்கேன், பாடத்துக்கு வேணும்கிற படங்கள் வரைய.

5க்கு 4 ஸ்டார். குறைச்ச ஒரு ஸ்டார் அந்த எரர் மெசேஜுக்காக. புள்ளியியல் படிக்கிறவங்க, நடத்துறவங்க யோசிக்காம இறக்கிப் போட்டுக்கோங்க, ஆர்ல கோடு எழுத வசதியா இருக்குற ஆர்ஸ்டுடியோவையும் சேர்த்து.